அழுக்காறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு

சிக்கலிலும், அதனைச் சூழ்ந்த வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, உத்தரகோசமங்கை, சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் முதலிய ஊர்களிலும் தமிழ் கற்பித்துவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

சிக்கல் என்று சொன்ன மாத்திரத்தில், அம்மையிடம் வேல் பெற்ற சிங்காரவேலர் எழுந்தருளியிருக்கும் நாகப்பட்டினத்துச் சிக்கலையே வெளியூரார் எண்ணிக்கொள்கிறார்கள். கண்மாயும் பனையும் கருவேலமுமாகக் கிடக்கும் இராமநாதபுரத்துச் சிக்கலுக்கு அந்தப் பேரூரின்மேல் சிறிது பொறாமை இருந்தாலும் அதனைப் பெருங்குற்றமாகக் கொள்ளல் ஆகாது. நான் எழுதப் புகுந்ததும் அந்தப் பொறாமையைப் பற்றித்தான். குறிப்பாக, அதற்குத் தமிழில் வழங்கும் சொற்களைப் பற்றியும், அவை நம் வகுப்பறைகளில் படும் பாட்டைப் பற்றியும்.

மாணாக்கர் கையில் புழங்கும் உரைநூல்களைப் புரட்டினால், அழுக்காறு என்பதற்குப் பொறாமை என்று அர்த்தம் எழுதியிருக்கிறது. ஔவியத்துக்கும் பொறாமை, அசூயைக்கும் பொறாமை, மாற்சரியத்துக்கும் பொறாமை, காழ்ப்புக்கும் சில இடங்களில் அதுவேதான். ஒரு மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆயினும், நூற்றாண்டுகளாகப் புலவரும் பாமரரும் வெவ்வேறு நோய்களைக் கண்டு வெவ்வேறு பெயரிட்டு வைத்திருக்க, நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டால், படிக்கிற பிள்ளை தன் மனத்தில் எழுவது எது என்று அறியாமலே போகிறான். அவனை மற்றொருவன் பொறாமைக்காரன் என்று பழித்தால் அப்பழி பொருந்துமா பொருந்தாதா என்று ஆராயவும் அவனுக்கு வகையில்லாமல் போகிறது. இந்த இரண்டாவது நஷ்டமே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

நூல்களுக்குப் போகுமுன் உங்கள் வட்டாரத்து வாசற்படியிலேயே சிறிது நிற்போம். கரிசல் கலந்த மானாவாரி நிலத்தில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விளையும் இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வாலிநோக்கத்திலோ 1974இல் தொடங்கிய அரசு உப்புக் கழகத்தின் பாத்திகள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கின்றன. உப்பும் மிளகாயும் குழம்புக்கு மட்டும் ஆனவை அல்லவே. பிள்ளை சோறு உண்ணாமல் சிணுங்கினாலும், புதுப்பெண்ணுக்கு உடம்பு அனலாய்க் காய்ந்தாலும், வீட்டுக் கிழவி கையில் எடுப்பது ஒரு பிடி கல்லுப்பையும் நாலைந்து வற்றலையும், சிறிது தெருமண்ணையும்தான். உட்கார வைத்து, வலமும் இடமுமாக மும்முறை சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, யாரையும் திரும்பிப் பாராமல் நேரே போய் அடுப்பில் போடுகிறாள். உப்பு வெடிக்கிறது, மிளகாய் கருகுகிறது. கருகியும் நெடி வராவிட்டால் கண் பட்டிருப்பது மெய் என்று முடிவு. நெடி வந்து எல்லாரும் இருமினால், பட்டிருக்கவில்லை என்று ஆறுதல்.

இச்சடங்கில் பகுத்தறிவுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை இங்கே வாதிக்க வரவில்லை. என் கவனத்தை இழுப்பது வேறொன்று. சுற்றும்போது கிழவி முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்: உற்றார் கண், ஊரார் கண், அண்டை வீட்டார் கண், வழிப்போக்கர் கண் என்று உலகத்துக் கண்களையெல்லாம் அடுக்குகிறாளேயன்றி, யாரையும் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை, சில வீடுகளில் பெற்ற தாயின் கண்ணும் அந்த வரிசையில் சேர்ந்துவிடும். பொறாமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, பொறாமைக்காரி இன்னாள் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிற இந்த நாகரிகத்தினால்தான், பொதுக்கிணற்றில் ஒருவர் குடத்தை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும் தெரு மறுநாளும் ஒரே தெருவாக இருக்கிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்ற பழமொழியும் கண்ணடி பட்டவன் வாயிலிருந்து பிறந்ததே. ஊர் வழக்கு, உடையவனைப் பார்த்துக் காத்துக்கொள் என்கிறது. நூல் வழக்கோ, பொறாமைப்படுகிறவனைப் பார்த்துத் திருந்து என்கிறது.

நூல் வழக்கில் முதன்மையானது திருக்குறளின் பதினேழாம் அதிகாரமாகிய அழுக்காறாமை. மேடைகளில் பலர் இச்சொல்லை அழுக்கு, ஆறு என்று பிரித்து, அழுக்கான வழி என்று நயம் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதிகாரத்தின் முதற்குறளில், ஒழுக்க நெறி என்ற அர்த்தத்தில் ஒழுக்காறு என்ற சொல் எதுகையாக முன்நிற்பதனால் இந்த மயக்கம் எளிதில் பிறக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் வள்ளுவர் இதனை வினையாக்கி, அழுக்கறுப்பான் என்று இருமுறையும், அழுக்கற்று என்று ஒருமுறையும் ஆள்கிறார் என்பதை மாணாக்கருக்குக் காட்டுங்கள். படு என்பது பாடு ஆனாற்போலவும், கெடு என்பது கேடு ஆனாற்போலவும், அழுக்கறு என்பதே நீண்டு அழுக்காறு ஆயிற்று என்று கொள்வதே இலக்கணத்துக்கு இசைவது. வழியென்னும் ஆறு வந்து புகுந்தால் அந்த மூன்று வினைகளும் நிற்க இடமின்றித் தவிக்கும். மேடை நயத்தை இழப்பதில் சிறிது வருத்தம் உண்டுதான்; என் செய்வது!

அவ்வதிகாரத்தின் ஏழாங் குறளை மட்டும் ஒரு பாடவேளை முழுதும் வைத்துக்கொண்டாலும் தகும். அழுக்காறு உடையவனைத் திருமகள் தன் தமக்கையாகிய மூதேவிக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு அகன்றுவிடுவாள் என்பது அதன் கருத்து. இதில் வியப்பு என்னவென்றால், பொறாமையைக் குறிக்கும் அவ்வித்தல் என்ற வினை அங்கே மனிதனுக்கு அன்று, திருமகளுக்கே உரியதாய் நிற்கிறது. பரிமேலழகரும் அவள் தானும் பொறாது நீங்குவாள் என்றே உரைக்கிறார். பிறர் ஆக்கத்தைப் பொறாதவனைத் திருவும் பொறாள் என்று, அவனுடைய நோயின் பெயராலேயே அவனுக்குத் தண்டம் விதிக்கிற இந்த நுட்பத்தை, பொறாமைப்பட்டால் வறுமை வரும் என்ற பொழிப்புரையில் எங்ஙனம் காண்பது? தவ்வை என்று வள்ளுவர் குறிக்கும் அந்தத் தமக்கை, காக்கைக் கொடியோடும் பருத்த வயிற்றோடும் பாண்டிய நாட்டுப் பழஞ்சிற்பங்களில் அமர்ந்திருப்பதைக் கண்டவர்களுக்குக் குறளின் கடுமை இன்னும் விளங்கும்.

ஒன்பதாங் குறளில் வரும் அவ்விய நெஞ்சத்துக்குப் பரிமேலழகர் தரும் பொருள், கோட்டம் பொருந்திய மனம் என்பது. ஆகவே அவ்வியம் அல்லது ஔவியம் என்பது வெறும் பொறாமையன்று. நேராக நிற்க வேண்டிய மனம் வளைந்துபோன நிலைமை அது. அக்குறள் மற்றொரு வகையிலும் அரியது. வளைந்த நெஞ்சத்தான் வாழ்வதும், நேரியவன் கெடுவதும் உலகத்தில் காணப்படுகின்றன என்று வள்ளுவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, ஆராய்ந்து பார்க்கத்தக்கது என்ற அளவோடு நிறுத்திவிடுகிறார். நீதி நூலாசிரியர்களிடம் இத்தகைய ஒப்புதல் எளிதில் கிடைப்பதில்லை. அவ்வையோ, ஆத்திசூடியில் ஔகாரத்துக்கு இச்சொல்லை எடுத்துக்கொண்டு, பேச்சை விலக்குகிறாள்; நெஞ்சில் எழுவதைத் தடுக்கப் பிள்ளைகளால் ஆகாது, நாவையாவது அடக்கட்டும் என்று கருதினாள் போலும். புதிய ஆத்திசூடி பாட வந்த பாரதியார் ஔகாரத்துக்கு ஔடதத்தைத் தேடிக்கொண்டு, ஔவியத்தை அவ்வையிடமே விட்டுவிட்டார்.

வடமொழியிலிருந்து வந்து நம்மோடு பழகிவிட்ட சொற்களும் இவற்றோடு ஒன்றாகா. அசூயை என்பது, அமரகோசம் வரையறுத்தபடி, குணம் இருக்கும் இடத்திலும் குற்றத்தை ஏற்றிக் கூறுதல். பொறாமைக்காரனுக்குப் பிறன் உயர்வு கண்ணை உறுத்துகிறது. அசூயைக்காரனோ அந்த உயர்வை உயர்வென்றே ஒப்புவதில்லை. பக்கத்து வயல் மிளகாய் நன்றாய்க் காய்த்திருக்கிறதே என்று பெருமூச்சு விடுகிறவன் ஒருவன். காய்ப்பு இருக்கிறது, காரம் இல்லையே என்கிறவன் மற்றொருவன். இக்குணம் அறவே அற்றவள் என்பதனால்தான் அத்திரி முனிவரின் பத்தினிக்கு அநசூயை என்று பெயர். மும்மூர்த்திகளையும் குழந்தைகளாக்கிய அவளுடைய கதையைக் குமரிக்கு அருகே சுசீந்திரத்துத் தலபுராணம் சொல்கிறது. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத் தொடக்கத்திலும், அருச்சுனன் இரகசியத்தைக் கேட்கத் தக்கவனானது அசூயை இல்லாதவன் என்ற காரணத்தினாலேயே. மாற்சரியமோ, காமக் குரோதாதிகளாகிய ஆறு உட்பகைகளில் கடைசியாய் நிற்பது.

இந்த மாற்சரியத்துக்கு இலக்கியத்தில் துரியோதனனைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை. 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் உங்களைப்போலவே தமிழாசிரியராய் இருந்த பாரதியார், 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தில், துரியோதனன் பொறாமை என்றே ஒரு பகுதியை அமைத்திருக்கிறார். இராஜசூய வேள்வியில் தருமனுக்கு வந்து குவிந்த காணிக்கைகளைப் புலவர் நேரே வருணித்திருந்தால் அது ஒரு பட்டியலாய் முடிந்திருக்கும். துரியோதனன் நெஞ்சத்தின் வழியே வருவதனால் ஒவ்வொரு பொருளும் கொதிக்கிறது. பிறன் செல்வத்தைப் பொறாதவனைப்போல அச்செல்வத்துக்குக் கணக்கு எழுதக்கூடியவன் உடையவனும் அல்லன். கம்பனில் கைகேயியின் நிலை வேறு. இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் அவள் மகிழ்ந்து, செய்தி கொண்டுவந்த மந்தரைக்கு மாலை பரிசளிக்கிறாள். அப்போது அவள் நெஞ்சில் பொறாமையின் நிழலும் இல்லை. இராமன் சிறுவயதில் தன் கூனில் உண்டைவில்லால் அடித்ததை மறவாத மந்தரையிடம் இருப்பது பொறாமையன்று, காழ்ப்பு. அந்தக் காழ்ப்பு, கோசலையோடு ஒப்பிட்டுக் காட்டிக் காட்டிக் கைகேயியிடம் பொறாமையை விளைவிக்கிறது. இருவருக்கும் ஒரே சொல்லை எழுதும் மாணாக்கனுக்கு அந்தப் படலத்தின் நாடகம் முழுதும் இழப்பாகிவிடும்.

புலவர்களும் இந்நோய்க்கு விலக்கல்லர்; தங்களுக்கென்றே புலமைக் காய்ச்சல் என்று ஒரு தனிப்பெயரை உண்டாக்கிக்கொண்டவர்களாயிற்றே! ஒட்டக்கூத்தர் கம்பன் காவியத்தைக் கேட்டுத் தம் ஏடுகளைக் கிழித்தெறிந்தார் என்றும், கம்பனே வந்து தடுத்ததனால் உத்தரகாண்டம் மட்டும் எஞ்சிற்று என்றும் வழங்கும் கதை சரித்திரம் ஆகாவிட்டாலும், காய்ச்சலின் தன்மையை நன்கு காட்டுகிறது.

இதற்கு எதிர்மறையான குணத்துக்கு உங்கள் சீமையிலேயே சரித்திர சாட்சி உண்டு. பதஞ்சலி யோக சூத்திரம், நல்லோர் சிறப்புற்றிருப்பதைக் கண்டு மகிழும் மனநிலையை முதிதை என்று பெயரிட்டு, மைத்திரிக்கும் கருணைக்கும் அடுத்து வைக்கிறது. அச்சூத்திரங்களுக்கு இராஜயோகம் என்னும் நூலில் விளக்கம் எழுதிய விவேகானந்தர், 1897ஆம் ஆண்டு ஜனவரியில் பாம்பன் கரையில் இறங்கியபோது, முன்பு அவரை அமெரிக்கா செல்லத் தூண்டியவர்களுள் ஒருவரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு, வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, குடிகளோடு குடியாய்த் தாமும் வடம்பிடித்து இழுத்தார். துறவி கால் வைத்த இடத்தில் நினைவுத்தூணும் எழுப்பினார். அரசனுக்கு உரிய ஆரவாரம் முழுதும் காவி உடுத்த ஒருவருக்குச் சேர்வதைக் கண்டு வருந்தாத அந்த மனத்துக்கு முதிதை என்ற பெயர் பொருந்தும். இச்சொல் தமிழில் ஏனோ வேரூன்றவில்லை.

கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் உங்கள் வகுப்பில் அமரும் முஸ்லிம் பிள்ளைகள் ஹஸது என்ற சொல்லை ஓதுமிடத்தில் கேட்டிருப்பார்கள்; குர்ஆனின் ஃபலக் என்னும் அத்தியாயம் பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து காவல் வேண்டி முடிகிறது. இமாம் கஸ்ஸாலி, பிறனிடம் உள்ளது அழிய வேண்டும் என்று விரும்புவது ஹஸது என்றும், அவனிடம் இருக்கட்டும், எனக்கும் கிடைக்கட்டும் என்று விரும்புவது கிப்தா என்றும் பிரித்து, பின்னதைக் குற்றமாக்கவில்லை. கிறிஸ்தவர்களின் பழைய வேத மொழிபெயர்ப்போ, எரிச்சல் என்ற நம் வீட்டுச் சொல்லைக் கடவுளுக்கே உரியதாக்கிவிட்டது. தன் மக்கள் பிறிதொரு தெய்வத்தை நாடுவதைப் பொறாத எரிச்சல் அது.

அவ்வெரிச்சலுக்கு நெருங்கிய உறவு காதலில் எழுவது. ஆனால் பழந்தமிழர் காதலன் பிறளை நாடினானோ என்ற வேதனையை அழுக்காற்றோடு சேர்க்கவே இல்லை. ஊடல் என்று வேறு பெயரிட்டு, மருதத்திணைக்கு உரிப்பொருளாக்கி, புலவி, துனி என்று அளவும் வகுத்து, அதற்கு ஓர் அழகையும் கொடுத்துவிட்டார்கள். தும்மினால், நினைத்தவள் யார் என்று அழும் பெண்ணைப் படைத்த வள்ளுவரே, நூலின் கடைசி அதிகாரத்தை ஊடலின் உவகைக்கு ஒதுக்கினார். அறத்துப்பாலில் பாவி என்று வைதது ஒன்று. இன்பத்துப்பாலில் கொண்டாடியது வேறொன்று. இவற்றை ஒரு சொல்லால் குறிக்கும் இக்காலச் சினிமாப் பேச்சு வறுமைப்பட்ட பேச்சு என்றே சொல்வேன்.

இவ்வளவும் கூறியது, வயிற்றெரிச்சல் என்ற ஒரு சொல்லுக்கு வருவதற்காகவே. கண் வழியே புகுந்து வயிற்றில் எரிவது என்று பொறாமைக்கு உடம்பில் இடம் குறித்த சொல் அது. வயிறு காந்துகிறது என்பதும் அதன் இனமே. ஆனால் நம் தாய்மார்கள் வேறொரு தொனியிலும் அதை வழங்குகிறார்கள். ஏழை வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே என்று மகனை எச்சரிக்கும் தாய், ஏழையின் பொறாமையைக் குறிக்கவில்லை. கூலி குறைந்தவன், வழி மறிக்கப்பட்டவன், பங்கு மறுக்கப்பட்டவன் ஆகியோரின் வேதனையைக் குறிக்கிறாள். அந்த எரிச்சல் சும்மா விடாது என்ற அச்சமும் அதில் உண்டு. ஒரே சொல், ஒருபுறம் குற்றமாகவும் மறுபுறம் நியாயமாகவும் நிற்கிறது.

மழை பொய்க்கும் சீமையில் இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடுவதன்று. வறட்சி நிவாரணம் ஒரு தெருவுக்கு வந்து மறு தெருவுக்கு வராதபோதும், தண்ணீர் வண்டி ஒரு முனையோடு திரும்பிவிடும்போதும், கேட்க வாய் திறந்தவனைப் பார்த்து, அவனுக்குக் கிடைத்ததில் உனக்கு ஏன் பொறாமை என்று கேட்டு வாயை அடைப்பது எளிது. பெற்றவனைக் கண்டு அவன் பெறக்கூடாது என்று எரிகிறவன் அழுக்கறுப்பவன். பிறருக்குக் கொடுப்பதைப் பொறாதவனுடைய சுற்றமும் உடுப்பதும் உண்பதும் இன்றிக் கெடும் என்று வள்ளுவர் ஆறாங் குறளில் சபித்ததும் அவனையே. எனக்கும் உரியது எங்கே என்று கேட்கிறவனை அக்குறள் தீண்டாது. இவ்விரண்டு பேரையும் ஒரே பெயரால் அழைப்பது கொடுக்க வேண்டியவனுக்கு மட்டுமே வசதி. வறுமைப்பட்டவன் முறையிடும் இடத்தில் பொறாமை என்ற சொல்லை முதலில் எடுப்பவன் பெரும்பாலும் உடையவனாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அழுக்காறாமை அதிகாரத்தை எடுக்குமுன், பிறர் வாழ்வைப் பொறாதவர்களைப் பற்றி அவரவர் வீட்டில் எந்தெந்தச் சொல் வழங்குகிறது என்று பாட்டியரைக் கேட்டு எழுதி வரும்படி மாணாக்கருக்குச் சொல்லுங்கள். கொச்சை என்று எதையும் அடிக்காதீர்கள். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும், மிளகாய்க் காட்டுப் பிள்ளையும், வலை வீசும் வீட்டுப் பிள்ளையும் கொண்டுவரும் சொற்கள் ஒன்றாய் இரா. அவற்றைக் கரும்பலகையில் எழுதி, எது அழுக்காறு, எது அசூயை, எது காழ்ப்பு, எது நியாயமான வயிற்றெரிச்சல் என்று அவர்களையே பிரிக்கச் செய்த பின்பு, உரைநூலைத் திறக்கலாம். வினாத்தாளிலும் அழுக்காறு என்பதற்குப் பொருள் கேட்பதை விட்டு, மந்தரைக்கும் கைகேயிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். கிடைத்த சொற்களைப் பள்ளி ஆண்டு மலரில் ஊர்ப்பெயரோடு அச்சிட்டு வைத்தால், அகராதி தொகுப்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்